ஆசிரியர் பணி நேர்காணல்: பயிற்சிக் காலத்திலேயே வீட்டில் தயாராவது எப்படி?



புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, மணமேல்குடி, ஆவுடையார்கோவில் வட்டாரங்களில் உள்ள நம் ஊர்களில் பி.எட்., டி.எல்.எட். படிக்கும் பிள்ளைகளை இன்று சர்வ சாதாரணமாகப் பார்க்கிறோம். அவர்களில் பெண் பிள்ளைகள் அதிகம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் படிப்பு முடிந்த பிறகு பல வீடுகளில் ஒரே பேச்சுதான். மதிப்பெண் நன்றாக இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, நேர்காணலுக்கும் போய் வந்தாயிற்று. பள்ளியிலிருந்து வந்த பதில், "பிறகு சொல்லி அனுப்புகிறோம்."

இதற்குப் பாட அறிவுக் குறைவு காரணமாக இருப்பது குறைவு. இரண்டு ஆண்டு பயிற்சியில் பக்கம் பக்கமாகப் பாடத்திட்டமும் ரெக்கார்டும் எழுதிய பிள்ளை, அவற்றைப் பற்றி ஒருவர் எதிரில் உட்கார்ந்து பத்து நிமிடம் வாய் திறந்து பேசியதில்லை. எழுதிப் பழகியவர்கள், பேசிப் பழகவில்லை. நேர்காணலோ முழுக்க முழுக்கப் பேச்சு. படிப்பு முடிந்த பிறகு பழகத் தொடங்குவதைவிட, பயிற்சி மாணவராக இருக்கும்போதே வீட்டில் பழகுவது எளிது. அதற்குக் கோச்சிங் சென்டரும் பணமும் தேவையில்லை. அந்த வழிமுறையை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எங்கே நேர்காணல் உண்டு, எங்கே இல்லை?

முதலில் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வோம். அரசுப் பள்ளிகளுக்கான இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர் பணியிடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நிரப்புகிறது. எழுத்துத் தேர்வு, அதன் பின் சான்றிதழ் சரிபார்ப்பு என்பதே அதன் வழி. இடைநிலை, பட்டதாரி ஆசிரியர் பணிக்கு முதலில் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி பெற்று, பிறகு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். 1 முதல் 5 வகுப்புக்குத் தாள் 1. 6 முதல் 8 வகுப்புக்குத் தாள் 2. ஒவ்வொன்றிலும் 150 கேள்விகள், 150 மதிப்பெண்கள்.

நேர்காணல் நடப்பது அரசு உதவி பெறும் பள்ளிகள், மெட்ரிக் பள்ளிகள், சி.பி.எஸ்.இ. பள்ளிகள், நமது சமுதாய அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகள் ஆகியவற்றில்தான். அரசுத் தேர்வு அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்கும் காலத்தில் பெரும்பாலானோர் முதலில் வேலைக்குச் செல்வது இந்தப் பள்ளிகளுக்கே. ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே தயாராவது அவசியம்.

"சிறுபான்மைப் பள்ளிக்குத்தானே போகிறோம், டெட் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 2025 செப்டம்பர் 1 அன்று அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அந்தத் தீர்ப்பு மறுபரிசீலனைக்கு உரியது என்று கருதி, பெரிய அமர்வு முடிவு செய்வதற்காக அனுப்பியது. எனவே டெட் தேர்ச்சி கையில் இருப்பதே பாதுகாப்பு. நேர்காணலிலும் அதைக் கேட்பார்கள். ஒருமுறை பெற்ற தேர்ச்சி வாழ்நாள் முழுவதும் செல்லும்.

பள்ளி நிர்வாகம் எதைப் பார்க்கிறது?

பெரும்பாலான பள்ளிகளில் நேர்காணல் மூன்று பகுதிகளாக இருக்கும். முதலில் தாளாளர், தலைமையாசிரியர் ஆகியோருடன் உரையாடல். இரண்டாவது மாதிரி வகுப்பு. மூன்றாவது சம்பளம், வேலை நேரம் பற்றிய பேச்சு. இவற்றில் மாதிரி வகுப்புதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. பத்து அல்லது பதினைந்து நிமிடத்தில் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா, கரும்பலகையில் எழுத்து நேராக இருக்கிறதா, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா, தவறான பதில் வந்தால் என்ன செய்கிறார் என்பதையெல்லாம் கவனிப்பார்கள்.

பாடத்தை முழுதாக முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுவது பலரும் செய்யும் தவறு. பதினைந்து நிமிடத்தில் ஒரே ஒரு கருத்தை, கடைசி வரிசைப் பிள்ளைக்கும் புரியும்படி நடத்தினால் போதும்.

கற்பித்தல் பயிற்சியின்போது ஒரு தனி நோட்டு

2014-ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிமுறைகளின்படி, இரண்டு ஆண்டு பி.எட். படிப்பில் குறைந்தது 20 வாரங்கள் பள்ளி சார்ந்த பயிற்சிக்கு உரியவை. இந்த வாரங்கள் நேர்காணலுக்கான கருவூலம். ரெக்கார்டு நோட்டு கல்லூரிக்குப் போய்விடும். உங்களுக்கென்று தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இரவு நான்கு வரி எழுதினால் போதும்.

1. இன்று எந்த வகுப்பு, எந்தப் பாடம்?
2. எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறினார்கள்?
3. நான் என்ன செய்தேன்?
4. அதன் பிறகு என்ன நடந்தது?

நேர்காணலில் வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த நோட்டிலேயே பதில் இருக்கும். "மெதுவாகக் கற்கும் மாணவரை எப்படிக் கையாளுவீர்கள்?" என்று கேட்டால், "தனிக் கவனம் செலுத்துவேன் சார்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது கேட்பவர் மனதில் நிற்காது. "பயிற்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. தினமும் மதிய இடைவேளையில் பத்து நிமிடம் அவனுக்குத் தெரிந்த மீன் பெயர்களை எழுதி வாசிக்க வைத்தேன். மூன்றாவது வாரம் இரண்டு வரி தானாக வாசித்தான்" என்று சொன்னால், சொல்பவர் உண்மையில் வகுப்பறையில் நின்றவர் என்பது புரிந்துவிடும். நடக்காததைச் சொல்லக் கூடாது. நம் நோட்டில் இருப்பதை மட்டும் சொன்னால், அடுத்த கேள்விக்குத் திணற வேண்டியதும் இல்லை.

வீட்டில் 36 நிமிடப் பயிற்சி

பி.எட். மாணவர்கள் அனைவருக்கும் நுண்ணிலைக் கற்பித்தல் தெரியும். 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலன் குழுவினர் உருவாக்கிய இம்முறை, இந்தியாவில் 36 நிமிடச் சுழற்சியாகப் பின்பற்றப்படுகிறது. கற்பித்தல் 6 நிமிடம், பின்னூட்டம் 6, மறுதிட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மீண்டும் பின்னூட்டம் 6. கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகச் செய்யும் இதையே வீட்டில் நேர்காணலுக்காகச் செய்யலாம்.

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலோ, இஷாவுக்குப் பிறகோ வாரம் இரண்டு நாள் ஒதுக்குங்கள். முன்னால் உட்கார அத்தா, அம்மா, தம்பி, தங்கை யார் இருந்தாலும் சரி. பள்ளிக்கூடமே போகாத நன்னியாக இருந்தாலும் சரி. உண்மையில் அவர்தான் சிறந்த பரீட்சகர். அவருக்குப் புரிந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

முதல் 6 நிமிடம் நின்றுகொண்டு ஒரு கருத்தை நடத்துங்கள். கரும்பலகை இல்லாவிட்டால் காலண்டர் தாளின் பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். செல்போனில் பதிவு செய்யுங்கள். அடுத்த 6 நிமிடம் கேட்டவர்களிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். எது புரிந்தது? எங்கே புரியாமல் போனது? குரல் எங்கே தாழ்ந்தது? பிறகு 12 நிமிடம் தனியாக உட்கார்ந்து பதிவைப் பார்த்துத் திருத்துங்கள். மீண்டும் 6 நிமிடம் நடத்துங்கள். இரண்டாவது முறை நடத்தும்போது தெரியும் மாற்றம் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

கல்லூரித் தோழியர் இரண்டு மூன்று பேர் ஒரே ஊரில் இருந்தால், ஒருவர் தலைமையாசிரியராகவும் ஒருவர் தாளாளராகவும் உட்கார்ந்து மாறி மாறி நேர்காணல் நடத்திப் பார்க்கலாம். கேள்வி கேட்கும் இடத்தில் உட்கார்ந்தால்தான் எந்தப் பதில் சலிப்பூட்டுகிறது என்பது தெரியும்.

மாதிரி வகுப்பு: ஓர் எடுத்துக்காட்டு

கணிதம் எடுத்தவர்களுக்குப் பின்னங்களின் கூட்டல் அடிக்கடி கொடுக்கப்படும் தலைப்பு. "1/2 + 1/3 = 2/5" என்று ஒரு மாணவன் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டிவிட்டான். "தப்பு, கீழ் எண்ணைச் சமப்படுத்து" என்று விதியைச் சொல்லிவிட்டு நகர்பவர் சாதாரண ஆசிரியர்.

நல்ல ஆசிரியர் அந்த விடையையே கையில் எடுப்பார். "உன்னிடம் அரை ரொட்டி இருக்கிறது. அம்மா இன்னும் கொஞ்சம் தருகிறார். இப்போது அரையை விடக் கூடுமா, குறையுமா?" என்று கேட்பார். கூடும் என்பான். "2/5 என்பது அரையை விடப் பெரியதா, சிறியதா?" ஐந்தில் இரண்டு என்பது பாதிக்கும் குறைவு. அவனே தன் தவறைக் கண்டுகொள்வான். பிறகு ஒரு தாளை ஆறு சம கட்டங்களாக மடித்து, பாதி என்றால் 3 கட்டம், மூன்றில் ஒன்று என்றால் 2 கட்டம், ஆக 5/6 என்று காட்டலாம். தேவையான துணைக்கருவி ஒரே ஒரு தாள்.

மற்றப் பாடங்களுக்கும் நம் மாவட்டமே துணைக்கருவி. அறிவியல் என்றால் மீமிசல் பக்கம் முத்துக்குடா அலையாத்திக் காடு, சமூக அறிவியல் என்றால் சித்தன்னவாசல் ஓவியம், திருமயம் கோட்டை, வணிகக் கணிதம் என்றால் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீன் ஏலம், பொருளியல் என்றால் கீரமங்கலம் பூ வியாபாரம். பிள்ளைகள் கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து பாடம் தொடங்கினால் வகுப்பு உடனே உங்கள் பக்கம் திரும்பும். ஒவ்வொரு பாடத்திலும் மூன்று மாதிரி வகுப்புகளைத் தயாராக வைத்திருங்கள். தொடக்க வகுப்புக்கு ஒன்று, நடுநிலைக்கு ஒன்று, உயர்நிலைக்கு ஒன்று.

கட்டாயம் வரும் கேள்விகள்

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். குடும்ப வரலாறு வேண்டாம். என்ன படித்தீர்கள், எந்தப் பள்ளியில் பயிற்சி பெற்றீர்கள், எந்தப் பாடத்தை நன்றாக நடத்துவீர்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் முடியட்டும்.

ஏன் ஆசிரியர் பணி? "புனிதமான பணி" என்ற பதிலை அவர்கள் காலையிலிருந்து பத்து முறை கேட்டிருப்பார்கள். உங்களை இந்தப் பக்கம் திருப்பிய ஒரு வகுப்பு அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வகுப்பில் சத்தம் போடும் மாணவரை என்ன செய்வீர்கள்? இங்கே "ஒரு அடி கொடுப்பேன்" என்று விளையாட்டாகவும் சொல்லக் கூடாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையைச் சொன்னால்? இன்று பல பள்ளிகளில் கேட்கப்படும் கேள்வி இது. போக்சோ சட்டம் 2012-இன்படி, தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரிய குற்றம். "பள்ளியின் பெயர் கெடும்" என்றோ, "அந்தப் பிள்ளையின் குடும்ப மானம்" என்றோ மறைக்க முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098, தமிழகப் பள்ளி மாணவர் உதவி எண் 14417 ஆகிய இரண்டும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால்? "இது எனக்குத் தெரியாது, படித்துத் தெரிந்துகொள்கிறேன்" என்று நேராகச் சொல்லலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் மழுப்பும் ஆசிரியரை எந்த நிர்வாகமும் விரும்பாது.

ஆங்கிலத்தில் கேட்பார்களே என்ற பயம் நம் பிள்ளைகளிடம் அதிகம். ஆங்கில வழிப் பள்ளி என்றால் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியிருக்கும். அலங்காரமான ஆங்கிலம் தேவையில்லை. சின்னச் சின்ன வாக்கியமாக, பிழையின்றி, நிதானமாகப் பேசினால் போதும். சுய அறிமுகம், ஒரு மாதிரி வகுப்பு, நான்கு பொதுக் கேள்விகள் ஆகியவற்றை மட்டும் ஆங்கிலத்தில் முப்பது நாள் தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லும் கட்டளைகளையும் ஆங்கிலத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

நேர்காணல் நாளில்

10-ஆம் வகுப்பு முதல் பட்டம், பி.எட். வரையிலான மதிப்பெண் பட்டியல்கள், டெட் சான்றிதழ், பி.சி. முஸ்லிம் சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றை வரிசைப்படுத்தி இரண்டு நகல்களுடன் ஒரு கோப்பில் வையுங்கள். பெயரின் எழுத்து எல்லாச் சான்றிதழ்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நம் பெயர்களில் "முகமது", "முஹம்மது", "பேகம்", "பீவி" என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி எழுதப்பட்டிருப்பது வழக்கம். டி.ஆர்.பி. சான்றிதழ் சரிபார்ப்பிலும் இது தொல்லை தரும். படிக்கும் காலத்திலேயே சரிசெய்துவிடுங்கள்.

கடற்கரை ஊர்களிலிருந்து புதுக்கோட்டை நகருக்கோ, திருச்சிக்கோ காலை நேர்காணலுக்குப் போகிறவர்கள் அறந்தாங்கி பஸ் நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் முன்னதாகச் சேர்ந்தால் மூச்சு சீராகும். அந்த நேரத்தில் பள்ளியின் அறிவிப்புப் பலகையைப் படித்தால், பள்ளியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவும் விஷயம் கிடைக்கும்.

நாமும் கேட்க வேண்டியவை

நேர்காணல் இரு தரப்புக்கும் உரியது. வேலை உறுதி என்ற கட்டத்தில் தயக்கமின்றிக் கேளுங்கள். மாதச் சம்பளம் எவ்வளவு, மே மாதத்துக்கும் உண்டா, வங்கிக் கணக்கில் வருமா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுமா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, நியமனக் கடிதம் தருவார்களா? 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனம் வருங்கால வைப்பு நிதித் திட்டத்துக்குள் வரும்.

அசல் சான்றிதழ்களைப் பள்ளியில் வைத்துவிட்டு வரச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். சரிபார்த்த பின் திரும்பத் தரும்படி பணிவாகக் கேளுங்கள். நடுவில் அரசு வேலைக்கான சரிபார்ப்பு வந்தால் அசல் கையில் இருந்தாக வேண்டும்.

ஹிஜாப், ளுஹர் தொழுகைக்கான சில நிமிடங்கள், ஜும்ஆ நேரம் ஆகியவற்றையும் முன்கூட்டியே தெளிவாகப் பேசிவிடுவது நல்லது. சலுகை கேட்பதுபோல் குழையவும் வேண்டாம், சண்டைபோல் பேசவும் வேண்டாம். "மதிய இடைவேளையில் பத்து நிமிடம் தொழுதுகொள்கிறேன், வகுப்புக்குப் பாதிப்பு வராது" என்று சொன்னால் பெரும்பாலான இடங்களில் பிரச்சினை இருப்பதில்லை. சேர்ந்த பிறகு மனக்கசப்பு வருவதைவிட முதலிலேயே தெரிந்துகொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

பெற்றோர்களுக்கு

பிள்ளைக்குக் கட்டணம் கட்டினோம், பட்டம் வாங்கியாயிற்று என்பதோடு நம் கடமை முடியவில்லை. "வீட்டில் இப்படிச் சத்தமாகப் பேசாதே" என்று இருபது வருடம் சொல்லி வளர்த்த பெண்ணிடம், ஒரே நாளில் நாற்பது பிள்ளைகள் முன்னால் கணீரென்று பேசு என்றால் எப்படி முடியும்? அந்தக் குரலை வீட்டில்தான் முதலில் அனுமதிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், 36 நிமிடம், டி.வி.யை அணைத்துவிட்டு மாணவராக உட்காருங்கள். திக்கினால் சிரிக்காதீர்கள்.

இந்த மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள், விழுந்து எழுந்தவர்களும் இருந்தார்கள். பழகியவர்கள் ஓட்டினார்கள். பேச்சும் அப்படித்தான்.

மூஸா (அலை) அவர்கள் பிர்அவ்னிடம் போகுமுன், தம் நாவின் முடிச்சை அவிழ்த்துத் தம் பேச்சைப் பிறர் விளங்கும்படி ஆக்கித் தருமாறு இறைவனிடம் கேட்டதை சூரா தாஹாவில் ஓதுகிறோம். அதோடு அவர்கள் நிற்கவில்லை. தம் குடும்பத்திலிருந்தே தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தரும்படியும் கேட்டார்கள். பேசத் தயங்கும் நம் பிள்ளைகளுக்கும் துஆவோடு வீட்டாரின் துணையும் தேவை.

நம் ஊர்களிலிருந்து வகுப்பறைக்குச் செல்லும் ஆசிரியர்களையும் ஆசிரியைகளையும் வல்ல இறைவன் அதிகப்படுத்துவானாக. அவர்களின் கல்வியைப் பிறருக்குப் பயனளிப்பதாக ஆக்குவானாக. ஆமீன்.